பிள்ளைகள் பேசினால் போதுமா? கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிகளின் மாணவர் மன்றங்கள்: ஓர் எளிய விளக்கம்

மாணவர் இயக்கம் என்றதும் நம் கண்முன் வருவது கல்லூரி வாசல், கொடி, கோஷம், ஓரமாக நிற்கும் போலீஸ் வேன். உகாண்டாவிலோ தான்சானியாவிலோ ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நடக்கும் மாணவர் மன்றத்தில் இவை எதையும் பார்க்க முடியாது. கடைசி மணி அடித்த பிறகு இருபது முப்பது பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பொறுப்பாசிரியை கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டிருப்பார். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஏன் இல்லை, போன மாதம் வரை வந்துகொண்டிருந்த இரண்டு பேர் ஏன் திடீரென்று நின்றுவிட்டார்கள், தாமதமாக வந்தால் அடி விழுவது சரிதானா என்று பேச்சு ஓடும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தலைமை ஆசிரியரிடமோ பெற்றோர் கூட்டத்திலோ போய் நிற்பார்கள். செயற்பாடு என்ற பெரிய சொல்லுக்கு அங்கே இதுதான் பொருள்.

இத்தகைய மன்றங்களுக்கு உதவும் நிறுவனங்களும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் தனி ஆட்களும் நிறைய உண்டு. அந்த உதவி பெரும்பாலும் பிள்ளைகளை நோக்கியே போகிறது: டீ-ஷர்ட், கால்பந்து, நோட்டுப் புத்தகம், பயிற்சி முகாம். எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக்கருத்து உண்டு. பிள்ளைகளை வாய் திறக்க வைப்பது சுலபம். அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கி எதையாவது செய்யவேண்டிய பெரியவர்களைத் தயார் செய்வதுதான் பாடு. பணமும் உழைப்பும் அந்தப் பக்கம் போகாவிட்டால் மன்றம் என்பது பாட்டுப் பாடும் குழுவாகச் சுருங்கிவிடும்.

தொடக்கப் பள்ளியில் எதற்கு?

நம் கணக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை என்றால் பத்து வயதுக்குள் இருக்கும். உகாண்டாவிலும் தான்சானியாவிலும் தொடக்கக் கல்வி ஏழு வகுப்பு. கிராமங்களில் பல பிள்ளைகள் தாமதமாகச் சேருகிறார்கள், நடுவில் ஒரு வருடம் விட்டுவிட்டு வருகிறார்கள், ஒரே வகுப்பில் இரண்டு முறை படிக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அங்கே சாதாரணம். மலாவி 1994-லும் உகாண்டா 1997-லும் கென்யா 2003-லும் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. ஆனால் அவர்களில் பலர் உயர்நிலைப் பள்ளி வாசலை மிதிப்பதில்லை. மாதவிடாய் தொடங்குவது, கல்யாணப் பேச்சு வருவது, வீட்டு வேலைக்கோ வயல் வேலைக்கோ இழுக்கப்படுவது எல்லாமே தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு மன்றம் வைத்துக்கொள்ளலாம் என்றால், யாருக்கு அது தேவையோ அவர்கள் அங்கே வந்து சேரவே மாட்டார்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

1976 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில், ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்து ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. 1991 முதல் அந்த நாளை ஆப்பிரிக்கக் குழந்தை நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். கண்டம் முழுவதும் பள்ளி மன்றங்களுக்கு ஆண்டின் முக்கிய நாள் இதுதான். சட்டப் பின்னணியும் உண்டு. குழந்தைகளின் உரிமைகளுக்கும் நலனுக்குமான ஆப்பிரிக்கச் சாசனம் 1990-ல் ஏற்கப்பட்டு 1999-ல் நடைமுறைக்கு வந்தது. தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

நடைமுறையில் மன்றத்துக்கு உருவம் கொடுத்தது வேறு சில முயற்சிகள். அதில் எனக்குப் பிடித்தது துசேமே. சுவாஹிலியில் ‘பேசுவோம்’ என்று பொருள். 1996-ல் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையைச் சேர்ந்த பெனினா ம்லாமா, அமந்தினா லிஹாம்பா என்ற இரு பேராசிரியைகள் தான்சானியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார்கள். கல்வி அமைச்சர்களாக இருந்த ஆப்பிரிக்கப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து 1992-ல் உருவாக்கிய ஃபாவே என்ற அமைப்பு இதைக் கையில் எடுத்து மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோனது. பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கும் இது இறங்கிவந்தது. 2001 ஆகஸ்டில் யுனிசெஃப் ஆதரவுடன் கம்பாலாவில் தொடங்கிய ஜெம் என்ற பெண்கல்வி இயக்கமும் இதே வழிதான்: பெண்பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள், பையன்கள் தோள்கொடுப்பார்கள், பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைத் தருவார்கள்.

துசேமே எப்படி நடக்கும்?

ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றாவது வாரக் கூட்டத்தில் ஒரு பிள்ளை, “மாதத்தில் சில நாள் ஆறாம் வகுப்புப் பெண்கள் பாதிப்பேர் வருவதே இல்லை” என்கிறாள். ஏன் என்று உடனே பதில் சொல்ல யாரையும் விடமாட்டார்கள். விசாரிக்கச் சொல்வார்கள். இரண்டு வாரம் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறார்கள், வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போகிறார்கள், சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். நாப்கின் இல்லாதது ஒரு காரணம் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். கழிப்பறைக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியவில்லை, துவைக்கத் தண்ணீர் தூரத்தில் இருக்கிறது, கறை பட்டால் பையன்கள் கேலி செய்கிறார்கள் என்பதெல்லாம் விசாரித்த பிறகுதான் வெளிவருகிறது.

அடுத்து அவர்கள் ஒரு நாடகம் போடுகிறார்கள். இந்த முறையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு பதிமூன்று வயதுப் பெண் தலைமை ஆசிரியரின் முகத்துக்கு நேரே “கழிப்பறையைச் சரிசெய்யுங்கள்” என்று சொன்னால் அது அடங்காப்பிடாரித்தனம். அதே பெண் நாடகத்தில் தலைமை ஆசிரியராக வேடம் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “இதற்கெல்லாம் பட்ஜெட் இல்லையம்மா” என்று சொன்னால் ஊரே சிரிக்கும். உண்மையான தலைமை ஆசிரியரும் சிரித்தாக வேண்டும். நாடகம் முடிந்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள்: இது நம் பள்ளியில் நடக்கிறதா? யார் என்ன செய்யலாம்? ஒரு அப்பா மரத்தாழ்ப்பாள் செய்து தருவதாகச் சொல்வார், இன்னொருவர் கணக்குக் கேட்பார், ஒரு பாட்டி எழுந்து இதையெல்லாம் மேடையில் பேசுவதா என்று திட்டுவார். திட்டுவதும் நல்லதுதான். பேச்சு தொடங்கிவிட்டதே. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வதென்று நோட்டில் எழுதிக்கொண்டு, நடந்ததா இல்லையா என்று பிறகு பார்ப்பதோடு ஒரு சுற்று முடிகிறது.

முதல் வேலையாக எதை எடுப்பது என்பதில் அனுபவசாலிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்களே செய்து முடிக்கக்கூடிய ஒன்றும், பெரியவர் ஒருவர் சம்மதித்தால்தான் நடக்கும் ஒன்றும் ஜோடியாக இருக்கவேண்டும். முதல் வகைக்கு உகாண்டா முழுவதும் தெரிந்த உதாரணம் டிப்பி டாப். இரண்டு கவைக்குச்சிகளை நட்டு, குறுக்கே ஒரு கம்பு வைத்து, அதில் சின்ன பிளாஸ்டிக் கேனைத் தொங்கவிடுவார்கள். கேனின் மேல்பகுதியில் ஒரு துளை. வாயில் கட்டிய கயிறு தரையில் கிடக்கும் ஒரு குச்சிக்குப் போகும். காலால் குச்சியை மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் ஒழுகும், கையால் எதையும் தொடவேண்டாம். சோப்பு காணாமல் போய்விடும் என்பதால் அதையும் துளைபோட்டுக் கயிற்றில் கட்டிவிடுவார்கள். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. கழிப்பறைக் கதவு அப்படியல்ல. அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு கூடவேண்டும், பணம் ஒதுக்கவேண்டும். டிப்பி டாப் மட்டும் செய்துகொண்டிருக்கும் மன்றம் துப்புரவுக் குழு. கதவை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் மன்றம் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

கேட்கும் காதுகள்

பெரியவர்களைத் தயார் செய்வதுதான் முக்கியம் என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்? கம்பாலாவுக்கு வடக்கே லுவேரோ என்று ஒரு மாவட்டம், 1980களின் உள்நாட்டுப் போரில் கடுமையாக அடிபட்ட பகுதி. கம்பாலாவைச் சேர்ந்த ரெய்சிங் வாய்சஸ் என்ற அமைப்பு, பள்ளிகளில் பிரம்படியைக் குறைப்பதற்காக ‘நல்ல பள்ளி’ என்றொரு செயல்திட்டத்தை உருவாக்கியிருந்தது. அது உண்மையில் பலன் தருகிறதா என்று லண்டனிலுள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் லுவேரோவில் 42 தொடக்கப் பள்ளிகளை எடுத்துச் சோதித்தார்கள். குலுக்கலில் வந்த பாதிப் பள்ளிகளில் 18 மாதம் திட்டம் நடந்தது, மீதிப் பாதி வழக்கம்போல இருந்தது. கடைசியில், போன ஒரு வாரத்துக்குள் பள்ளி ஊழியர் கையால் அடி வாங்கியதாகச் சொன்ன பிள்ளைகள் வழக்கமான பள்ளிகளில் 49 சதவீதம், திட்டம் நடந்த பள்ளிகளில் 31 சதவீதம். 2015-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த முடிவு இது. 31 என்பதே பெரிய எண்தான், அதை மறக்க வேண்டாம். ஆனாலும் இது சின்னக் குறைவு அல்ல.

அந்தத் திட்டத்தில் மாணவர் குழு இருந்தது. ஆலோசனைப் பெட்டியும், தவறு செய்த மாணவரைச் சக மாணவர்களே விசாரிக்கும் சிறு நீதிக்குழுவும் இருந்தன. ஆனால் மாணவர் குழு தனியாக விடப்படவில்லை. தலைமை ஆசிரியர் முதலில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும், ஆசிரியர்கள் தங்களுக்குள் குழு வைக்கவேண்டும், பிரம்பு இல்லாமல் வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பழகவேண்டும், பெற்றோரும் ஊரும் உள்ளே வரவேண்டும். பிள்ளை பேசும்போது எதிரில் ஏற்கெனவே தயாரான ஒரு ஆள் நின்றிருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண் 434. கடைசிக் கணக்கெடுப்பில் பிள்ளைகள் சொன்னதைக் கேட்ட ஆய்வாளர்கள், அத்தனை பேரைக் குழந்தைப் பாதுகாப்புச் சேவைக்கு அனுப்பிவைக்கவேண்டி வந்தது. கேட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். சொன்ன பிறகு என்ன என்பதற்கு வழி இல்லாமல் கேட்கத் தொடங்குவது அபாயம்.

மன்றம் நடத்துகிறவர்கள் இதை முதல் நாளே யோசிக்கவேண்டும். கழிப்பறை, தண்ணீர் என்று பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருநாள் ஒரு பிள்ளை ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லிவிடும். அதை நாடகமாகப் போட முடியாது, மன்ற நோட்டில் எழுதவும் கூடாது. உகாண்டாப் பள்ளிகளில் மூத்த பெண் ஆசிரியர் என்றொரு பொறுப்பு உண்டு, சௌத்தி என்ற 116 கட்டணமில்லாக் குழந்தை உதவித் தொலைபேசி உண்டு, மாவட்டத்தில் நன்னடத்தை அலுவலர் உண்டு. பொறுப்பாசிரியை யாரை எப்போது அழைப்பது என்று எழுதிவைத்த ஒரு பக்கம் கையில் இருக்கவேண்டும். புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே வந்துவிட்டால் அந்த மன்றத்தில் இனி யாரும் உண்மை பேசமாட்டார்கள். ஆலோசனைப் பெட்டிக்கும் இது பொருந்தும். பூட்டுப் போட்ட அழகான மரப்பெட்டி பல பள்ளிகளில் தொங்குகிறது. சாவி யாரிடம், எந்தக் கிழமை திறக்கிறார்கள், பதில் எங்கே சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சாவி தலைமை ஆசிரியர் மேசை இழுப்பறையில் இருக்கிறதென்றால் பெட்டியில் சீட்டு விழாது.

பால்ய விவாகமும் அப்படித்தான். மன்றப் பிள்ளைகள் ஒரு கல்யாணத்தைத் தடுத்து நிறுத்தினார்கள் என்ற செய்தி படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பெண்ணின் அப்பாவோடு மல்லுக்கு நிற்க பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அனுப்புவதா? மலாவியில் இந்த வேலையைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். பள்ளிதோறும் தாய்மார் குழு இருக்கிறது. வராத பிள்ளையைப் பற்றிச் சேதி கொண்டுவருவது பிள்ளைகள், வீட்டுக்குப் போய்ப் பேசுவது தாய்மார்கள், அதற்கும் மசியாவிட்டால் ஊர்த்தலைவர். டெட்சா பகுதியின் தலைவியாக இருந்த தெரசா கச்சிண்டமோட்டோ இப்படிப் பல பால்ய விவாகங்களை ரத்து செய்து பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பியதற்காக உலகமறியப் பெயர் பெற்றவர்.

கண்துடைப்பைக் கண்டுபிடிப்பது

குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யுனிசெஃபுக்காக வரைந்து காட்டினார். அடியிலுள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுப்பதில்லை. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது, தோரணம்போல் மேடையில் நிறுத்துவது, ஒப்புக்கு ஒரு பிள்ளையைப் பேசவைப்பது. ஜூன் 16 விழாக்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றில்தான் விழும் என்பது என் கணிப்பு. பந்தல் போடுவார்கள், அதிகாரிகள் தாமதமாக வருவார்கள், வெயிலில் நின்ற பிள்ளைகள் உரிமைப் பாட்டுப் பாடுவார்கள், அதிகாரிகள் கைதட்டிவிட்டு விருந்துக்குப் போவார்கள்.

உகாண்டாப் பள்ளி வளாகங்களில் மரத்துக்கு மரம் அறிவிப்புப் பலகை அடித்திருப்பதைப் பார்க்கலாம். பேசும் வளாகம் என்று அதற்குப் பெயர். எய்ட்ஸைத் தவிர், படிப்பை விடாதே, பரிசுப் பொருளுக்கு மயங்காதே. எல்லாம் பெரியவர்கள் எழுதி, பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது. ஆசிரியர்களைப் பார்த்துப் பிள்ளைகள் எழுதிய ஒரு பலகையாவது இருக்கிறதா என்று தேடிப்பார்ப்பது ஒரு பள்ளியை எடைபோடச் சுலபமான வழி.

மன்றத்தில் எந்த மொழி ஓடுகிறது என்பதும் பார்க்கவேண்டியது. தான்சானியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏழு வகுப்பும் சுவாஹிலியில்தான், அதனால் சிக்கல் குறைவு. உகாண்டாவில் முதல் மூன்று வகுப்பு வட்டார மொழி, நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். தாய்மொழி பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு மாட்டிவிடும் வழக்கமும் சில பள்ளிகளில் உண்டு. அங்கே மன்றத்தை ஆங்கிலத்தில் நடத்தினால் முதல் ரேங்க் வாங்கும் நாலு பேர் மட்டும் பேசுவார்கள். வீட்டில் ஆறு பேருக்குத் தண்ணீர் சுமந்துவிட்டு வரும் பிள்ளை வாயே திறக்காது. வட்டார மொழிகளான லுகாண்டாவிலோ அச்சோலியிலோ நடத்தினால் அறிக்கை எழுதத் தொண்டு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். தேவைப்படட்டும்.

உதவி எங்கே போகவேண்டும்?

முதலில் பொறுப்பாசிரியைக்கு. பாட நேரம் முடிந்த பிறகு சம்பளமில்லாமல் இதைச் செய்கிறவர் அவர். ஒரே வகுப்பில் நூறு பிள்ளைகளைச் சமாளித்துவிட்டு வந்தவர். கிராமப் பள்ளிக்கு அவர் மைல்கணக்கில் நடந்து வருவதும் உண்டு. அவருக்குப் பயணப்படி கொடுப்பதை நன்கொடையாளர்கள் விரும்புவதில்லை, நிர்வாகச் செலவு என்பார்கள். பிள்ளைகளின் டீ-ஷர்ட்டுக்குக் கொடுப்பார்கள், படத்தில் தெரியும் அல்லவா. இன்னொரு விஷயம், அரசு ஆசிரியருக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றல் உத்தரவு வரும். ஒருவரை மட்டும் நம்பிய மன்றம் அவர் மூட்டை கட்டும் அன்றே படுத்துவிடும். ஆகவே இரண்டு பேரைப் பழக்கவேண்டும். அதில் ஒருவர் ஆண் ஆசிரியராக இருந்தால், பையன்கள் மாதவிடாய்த் துணி தைப்பதைக் கேலி செய்யாமல் உட்கார்ந்து பழக வழி பிறக்கும். உகாண்டாவில் பல பள்ளிகளில் பையன்களும் தைக்கிறார்கள்.

அடுத்து அனுமதி. உகாண்டாவில் வெளி அமைப்பு எதுவும் மாவட்ட நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போடாமல் அங்கே வேலை செய்யக்கூடாதென்று 2016-ன் தொண்டு நிறுவனச் சட்டம் சொல்கிறது. இதைத் தாண்டிக் குதிக்க நினைக்கவேண்டாம். மாவட்டக் கல்வி அலுவலரின் கடிதம் தலைமை ஆசிரியருக்குக் கவசம். அது இல்லாவிட்டால், அரசியல் நடத்துகிறார் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னதும் அவர் மன்றத்தை மூடிவிடுவார், அவரைக் குறைசொல்லவும் முடியாது.

பெற்றோர்கள் தரப்பில் இடிப்பது நேரம். பள்ளி முடிந்ததும் பெண்பிள்ளை விறகு, தண்ணீர், தம்பி தங்கை என்று வீட்டுக்குத் தேவைப்படுகிறாள். மன்றம் ஒரு மணி நேரம் இழுத்தால் வீட்டில் அடி விழும். மதிய இடைவேளையில் அரைமணி நேரம் வைத்துக்கொள்வது இதற்குக் கண்ட வழிகளில் ஒன்று. உகாண்டாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நவம்பரில் வரும் பொதுத்தேர்வுதான் கண்முன் நிற்கும், மன்றத்துக்குப் போகும் நேரம் வீணாகத் தெரியும்.

பொருள் உதவி என்றால் பட்டியல் மிகச் சிறியது. கெட்டி அட்டை நோட்டு ஒன்று, சோப்பு, துணி, நூல், ஊசி. நாடகத்துக்கு மேளம் ஊரிலேயே கிடைக்கும். இதோடு, பள்ளி மேலாண்மைக் குழு ஒப்புக்கொண்ட ஒரு வேலைக்குப் பாதிப் பணம் தருவதாக ஒரு சிறு தொகையை ஒதுக்கிவைப்பது பெரிய பலன் தரும். பிள்ளைகள் கதவு கேட்டு, குழு சம்மதித்து, பணமில்லை என்று நிற்கும் இடத்தில் அந்தத் தொகை வேலை செய்யும். மீதிப் பாதியை ஊர் போடவேண்டும், மரமாகவோ உழைப்பாகவோ இருந்தாலும் சரி.

பணம் கொடுத்த ஒரு மன்றம் உயிரோடு இருக்கிறதா என்று தூரத்திலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை உறுப்பினர் என்று கேட்டால் நல்ல எண்கள்தான் வரும். இந்தப் பருவத்தில் பிள்ளைகள் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு விஷயம் என்ன, என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று கேளுங்கள். எதுவும் மறுக்கப்படவில்லை என்று பதில் வந்தால் அங்கே எதுவும் கேட்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மன்ற நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு. பிள்ளைகளின் முகம் தெரியும் படம் கேட்காதீர்கள்.

உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். உலகில் இவ்வளவு நீண்ட மூடல் வேறெங்கும் இல்லை என்றார்கள். திரும்பி வராத பிள்ளைகள் பலர், கைக்குழந்தையோடு வந்த பிள்ளைகளும் உண்டு. அது பேரிடர். சின்ன அளவிலான இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஏழாம் வகுப்பு நவம்பரில் தேர்வெழுதிவிட்டுக் கிளம்பும்போது நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் கூடவே போய்விடுகிறார்கள். பிப்ரவரி வாக்கில் புதிய ஆண்டு தொடங்கும்போது மன்றத்தில் மீந்திருப்பது யார் என்பதை முந்தைய ஆண்டிலேயே தீர்மானிக்கவேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஜூன் மாதத்துக்குள் நோட்டு எழுதவும் கூட்டம் நடத்தவும் விட்டுவிட வேண்டும். முதல் சில கூட்டங்கள் இரைச்சலாகத்தான் இருக்கும்.